ஒரு தாலி, மூன்று தேதி

துந்துபி வருஷம், தை மாதம், ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலம் பிறப்பதற்கு முன்னால் ரங்கூனில் கல்யாணம் நடந்தது என்பது வீட்டில் பாட்டி சொன்னது. கோயில் ஏடு 1923 பிப்ரவரி 7 என்கிறது. அரசாங்கப் பதிவிலிருந்து பெற்ற நகலோ 1923 மார்ச் 7 என்கிறது. ஏறியது ஒரு தாலிதான். தேதி மட்டும் மூன்று.

இது விளக்கத்துக்காக நான் கட்டிய கத்தோலிக்கக் குடும்பம். ஆனால் பர்மாத் தமிழ்க் கிறிஸ்தவர்களின் வம்சாவளியைத் தேடிப் போகிறவர்கள் இதைப்போன்ற ஒரு முடிச்சில் எப்படியும் ஒருநாள் சிக்கிக்கொள்வார்கள். சிக்கியதும் பெரும்பாலோர் முத்திரையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். சாமியார் பக்திக்காக எழுதியது ஒருபக்கம், சர்க்கார் சட்டத்துக்காக எழுதியது மறுபக்கம். சட்டம்தானே கறாராக இருக்கும் என்ற எண்ணம். ரங்கூனைப் பொறுத்தவரை இந்த எண்ணம் தவறு. ஏன் தவறு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இந்தச் சிக்கலில் உலகிலேயே அதிகம் உழன்றவர்கள் என்று அயர்லாந்துக்காரர்களைச் சொல்லலாம். பஞ்சத்திலும் வறுமையிலும் கடல் கடந்து போன ஒரு ஜனக்கூட்டத்தின் பேரப்பிள்ளைகள் ஏடுகளைப் புரட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அங்கே கத்தோலிக்கர் அல்லாதோரின் திருமணங்களை அரசு 1845 ஏப்ரல் 1 முதல் பதிவு செய்தது. கத்தோலிக்கர் திருமணம் பதிவுக்குள் வந்தது 1864 ஜனவரி 1-ல்தான். வந்த விதத்தில்தான் வினை இருக்கிறது. மணமகன் முன்கூட்டியே பதிவாளரிடம் ஒரு படிவம் வாங்கிக்கொண்டு வரவேண்டும். சடங்கு முடிந்ததும் சாமியார் அதை நிரப்புவார். மாப்பிள்ளை அதை மூன்று நாளுக்குள் பதிவாளருக்குச் சேர்ப்பிக்க வேண்டும். கல்யாணமான மூன்றாம் நாள் ஒரு மாப்பிள்ளைக்குத் தபால் அலுவலகம் ஞாபகம் வருமா? சிலர் தாமதமாக அனுப்பினார்கள், சிலர் அனுப்பவே இல்லை. கோயிலில் இருக்கும் திருமணம் அரசிடம் இல்லாமல் போவதும், இருந்தால் தேதி பிசகியிருப்பதும் இப்படித்தான்.

ரங்கூனில் அந்த வேலை மாப்பிள்ளையின் தலையில் விழவில்லை. பர்மா 1937 மார்ச் 31 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். ஆகவே 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் திருநெல்வேலிக்கும் ரங்கூனுக்கும் பொதுவாக இருந்தது. பிரிவினைக்குப் பிறகும் அது பர்மாவின் சட்டத்தொகுப்பில் நீடித்தது. இந்தச் சட்டம் எழுதும் கடமையை மணமக்களிடம் விடாமல், மணம் முடித்துவைப்பவரிடம் ஒப்படைத்தது. ஆங்கிலிக்கன் குருவானவர் தம் ஏட்டில் எழுதி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதன் நகலைச் சபையின் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். கத்தோலிக்கச் சாமியார் ஆயர் வகுத்த படிவத்தில் எழுதுவார். அதுவும் காலாண்டுக் கணக்காகத் தலைமைப் பதிவாளருக்குப் போகும். உரிமம் பெற்ற மற்றச் சபைகளின் போதகர்கள் இரட்டைப் பிரதியாக எழுதி, ஒரு பாதியைக் கிழித்து ஒரு மாதத்துக்குள் திருமணப் பதிவாளருக்கு அனுப்புவார்கள். கத்தோலிக்கர் அல்லாத இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் இன்னொரு எளிய வழியும் உண்டு: அதற்கென உரிமம் பெற்ற ஒருவர், இரண்டு சாட்சிகள், ஒரு பதிவேடு. அந்த ஏட்டை ஆங்கிலத்திலோ வட்டார மொழியிலோ எழுதலாம் என்று சட்டமே இடம் கொடுத்தது.

இந்த ஏற்பாட்டில் சர்க்கார் எழுத்தர் எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். பதிவாளர் முன்னிலையிலேயே நடந்த திருமணங்களை விட்டுவிட்டால், அரசாங்கத் தேதி என்று நாம் மதிப்பது கோயில் தேதியின் நகல்தான். இரண்டு பேர் தனித்தனியே பார்த்துச் சொன்ன இரண்டு சாட்சியங்கள் அல்ல அவை. ஒன்று தாய், மற்றது பிள்ளை. பிள்ளை தாயோடு முரண்பட்டால் இடையில் பேனா எங்கோ வழுக்கியிருக்கிறது என்று பொருள்.

நம் கற்பனைக் குடும்பத்தை இப்போது எடுத்துக்கொள்வோம். பிப்ரவரி 7 ஒரு புதன்கிழமை. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பது மதம் மாறிய பின்னும் மாறாத கணக்கு. சரி, மார்ச் 7 என்ன கிழமை? அதுவும் புதன். லீப் அல்லாத வருஷத்தில் பிப்ரவரியும் மார்ச்சும் ஒரே கிழமை வரிசையில் ஓடும். ஆக, கிழமையை வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. இரண்டு தேதியும் ஒரே காலாண்டில் விழுவதால் நகல் அனுப்பிய காலத்தை வைத்தும் முடியாது. தீர்த்துவைப்பது தவசு காலம். 1923-ல் ஈஸ்டர் ஏப்ரல் 1-ல் வந்தது. அப்படியானால் தவசு காலம் தொடங்கும் விபூதிப் புதன் பிப்ரவரி 14. அன்றிலிருந்து ஈஸ்டர் வரை கத்தோலிக்கக் கோயிலில் திருமணத்துக்குரிய ஆடம்பர ஆசீர்வாதம் கிடையாது. திருமணமே கூடாது என்று விதி சொல்லவில்லை. ஆயர் நியாயமான காரணத்துக்காக ஆசீருக்கு அனுமதி கொடுக்கவும் முடியும். ஆனாலும் அவசரம் இல்லாத குடும்பம் அந்த நாட்களில் பந்தல் போடாது. பிப்ரவரி 7 தவசு காலத்துக்கு ஒரு வாரம் முந்தியது, தையின் கடைசி நாட்களில் விழுவது. மார்ச் 7 மாசி நடுவைத் தாண்டியது. பாட்டி சொன்ன மாதமும் கோயில் ஏடும் ஒரே பக்கம் நிற்கின்றன. காலாண்டின் முடிவில் மொத்தமாக உட்கார்ந்து நகல் எடுத்த யாரோ ஒருவர் மார்ச் மாதப் பெயர்களை எழுதிக்கொண்டிருந்த வேகத்தில் பிப்ரவரிப் பெயர் ஒன்றையும் மார்ச்சாக்கிவிட்டார் என்று ஊகிப்பதுதான் நியாயம்.

அயர்லாந்துக் கிராமங்களிலும் விபூதிப் புதனுக்கு முந்தைய நாட்களில்தான் கல்யாணங்கள் குவிந்தன. அவர்களுக்கு முந்தின நாள் செவ்வாய் பெரிய முகூர்த்தம். செவ்வாயோ வெறுவாயோ என்று ஒதுங்கும் நம்மவர்கள் அதை மட்டும் அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

பேனா வழுக்கும் இடங்கள் வேறும் உண்டு. பர்மாவின் தென்பகுதி மறைப்பணியை நடத்தியவர்கள் பாரிஸ் மறைபரப்புச் சபையின் பிரெஞ்சுக் குருக்கள். புதுச்சேரியிலும் கும்பகோணத்திலும் இருந்தவர்களும் அதே சபையார்தான். அவர்களுடைய ஏடுகள் லத்தீனில் இருக்கும். பழைய ஐரோப்பியக் கையெழுத்தில் செப்டம்பரை ‘7பிரிஸ்’ என்றும் டிசம்பரை ‘10பிரிஸ்’ என்றும் சுருக்குவது வழக்கம். லத்தீனில் செப்தெம் என்றால் ஏழு, தெச்செம் என்றால் பத்து. இதை அறியாத கண் ஏழாம் மாதம் ஜூலை என்றும் பத்தாம் மாதம் அக்டோபர் என்றும் படிக்கும். இரண்டு மாதம் பின்னால் போன தேதியைக் கண்டால் முதலில் இதைச் சந்தேகிக்க வேண்டும். பெயரும் லத்தீனில் உருமாறும்: சூசை யோசேபுஸ் ஆவார், இராயப்பன் பெத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவானஸ். வீட்டில் அருளப்பன், கோயிலில் யோவானஸ், கப்பல் சீட்டில் ஜான். மூன்று பேரா, ஒரே ஆளா என்பதைத் தேதி பொருந்தினால்தான் சொல்ல முடியும். அந்தத் தேதியே ஆடுகிறது.

பாப்டிஸ்டு சபையும் மெத்தடிஸ்டு சபையும் ரங்கூனுக்கு வந்தது அமெரிக்காவிலிருந்து. பாப்டிஸ்டு மறைபரப்பாளர் ஜட்சன் 1813-லேயே வந்து இறங்கினார். மெத்தடிஸ்டுகள் 1879-ல் வந்தார்கள். அமெரிக்கர் மாதத்தை முன்னால் எழுதுவார்கள், ஆங்கிலேயர் நாளை முன்னால் எழுதுவார்கள். 3/7 என்பது எழுதியவர் கையைப் பொறுத்து மார்ச் 7 ஆகலாம், ஜூலை 3 ஆகலாம். ஏட்டின் அதே பக்கத்தில் 12-க்கு மேற்பட்ட எண் எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்தால் அந்தக் கையின் பழக்கம் தெரிந்துவிடும். தமிழிலேயே எழுதிய ஏடுகளில் தமிழ் எண்கள் வந்தால் இன்னொரு ஆபத்து: ௭-ஐ எ என்றும் ௮-ஐ அ என்றும் கண்டு விழிக்கும் நகலெடுப்பாளர் கைக்கு வந்ததைப் போட்டுவிடுவார்.

ஒரே ஒரு நாள் மட்டும் வித்தியாசப்பட்டால் அதைப் பிழை என்று சொல்லத் தயங்குவேன். நம் கணக்கில் நாள் பிறப்பது சூரிய உதயத்தில், ஏட்டின் கணக்கில் நள்ளிரவில். விடியற்காலை நாலரை மணி முகூர்த்தம் வீட்டில் செவ்வாய் இரவு, காகிதத்தில் புதன். கிறிஸ்தவச் சட்டம் பொதுவாகக் காலை 6 முதல் மாலை 7 வரைதான் திருமணத்துக்கு நேரம் கொடுத்தது என்பதால், இப்படிப்பட்ட ஒருநாள் பிசகு தென்பட்டால் கோயிலுக்கு முன்னால் வீட்டில் ஏதோ ஒரு சடங்கு நடந்திருக்கிறது என்று மோப்பம் பிடிக்கலாம்.

தேதியோடு வயதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1872 சட்டப்படி 21 நிறையாதவர் மைனர். உரிமம் பெற்ற போதகர் முன் மைனர் மணக்கத் தகப்பனார் சம்மதம் தேவைப்பட்டது. தகப்பனார் தஞ்சாவூர்ப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்தில், மாப்பிள்ளை ரங்கூன் துறைமுகத்தில். அந்த நிலையில் ஏட்டில் காணும் ‘21’ என்ற எண்ணை அப்படியே நம்பிப் பிறந்த வருஷத்தைக் கணக்கிடுவது அசட்டுத்தனம். அயர்லாந்தின் பதிவேடுகளில் வயதுக்குப் பதில் ‘முழு வயது’ என்று எழுதிவைத்திருப்பதும் இதே 21-தான்; 22-ம் அதில் அடக்கம், 60-ம் அடக்கம்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு நிகழ்ச்சிக்கு இரண்டு தேதி விழுந்த கதை. உண்மையிலேயே இரண்டு நிகழ்ச்சிகள் நடந்திருக்கவும் கூடும். தேடுகிறவருக்கு அதுதான் புதையல். இந்துவாக இருந்தபோது ஊரில் தாலி கட்டி, கடல் கடந்தபின் ஞானஸ்நானம் பெற்று, சில வருஷம் கழித்துக் கோயிலில் மந்திரித்துக்கொண்ட தம்பதிக்கு இரண்டு தேதியும் நிஜம். பதிவாளர் அலுவலகத்தில் மணந்துவிட்டுப் பிறகு சாமியாரிடம் வந்து சரிசெய்துகொண்ட கத்தோலிக்கருக்கும் அப்படியே. 1908 ஈஸ்டர் முதல் அமலுக்கு வந்த ‘நே தெமெரே’ என்ற ரோமாபுரி ஆணை, பங்குச் சாமியாரும் இரண்டு சாட்சிகளும் இல்லாத கத்தோலிக்கத் திருமணம் செல்லாது என்றது. அதற்குப் பின் இத்தகைய சரிசெய்தல்கள் ஏடுகளில் பெருகியிருந்தால் வியப்பில்லை. மூத்த பிள்ளையின் ஞானஸ்நானத் தேதி பெற்றோரின் கோயில் திருமணத்துக்கு முந்தி இருந்தால் உடனே அவதூறாக எண்ணி முகம் சுளிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அது வெட்கப்பட வேண்டிய செய்தி அல்ல, மதம் மாறிய செய்தி.

அந்த ஆணையால் நமக்கு ஒரு பெரிய உபகாரமும் நடந்தது. திருமணம் எங்கே நடந்தாலும் மணமக்கள் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தகவல் போகவேண்டும்; அங்குள்ள ஞானஸ்நான ஏட்டில் அவர்கள் பெயருக்குப் பக்கத்து ஓரத்தில் திருமணக் குறிப்பு ஏறவேண்டும். ரங்கூனில் 1923-ல் நடந்த கல்யாணத்துக்குக் காவிரிக் கரையில் ஒரு மூலையில், வேறொரு கையெழுத்தில், வேறொரு மையில் ஒரு சாட்சி காத்திருக்கக்கூடும். காலாண்டு நகல் போன பாதை வேறு, இந்தக் குறிப்பு வந்த பாதை வேறு. எழுத்தரின் பிழை இரண்டு பாதையிலும் ஒன்றுபோல் விழாது.

மனைவி பர்மியப் பௌத்தப் பெண்ணாக இருந்தால் நிலைமை முற்றிலும் வேறு. பர்மிய வழக்கப்படி திருமணத்துக்குச் சடங்கு அவசியமில்லை. கணவன் மனைவியாக வாழ்ந்து ஊரார் ஏற்றுக்கொண்டால் போதும். அங்கே தேதி என்ற ஒன்றே இல்லாமல் போகலாம். வேற்று மதத்தாரை மணக்கும் பௌத்தப் பெண்களுக்கென 1939-ல் தனிச் சட்டம் வந்ததற்கு அந்தத் தெளிவின்மையும் அதனால் எழுந்த சொத்துச் சண்டைகளும் ஒரு காரணம்.

கோயில் ஏட்டையும் அரசாங்க நகலையும் தாயும் பிள்ளையும் என்று சொன்னேன். ரங்கூனில் பல நேரம் தாய் செத்துப் பிள்ளை மட்டும் பிழைத்திருக்கிறது. 1931 கணக்கெடுப்பில் ரங்கூனின் 4,00,415 பேரில் 2,12,929 பேர் இந்தியர். பத்தாண்டு கழித்து, 1941 டிசம்பர் 23-ல் ஜப்பானியரின் முதல் குண்டு விழுந்தது. விஷு வருஷத்து மார்கழி. அதைத் தொடர்ந்து ஏறக்குறைய ஐந்து லட்சம் இந்தியர் பர்மாவை விட்டு ஓடினார்கள். காட்டு வழியில் மடிந்தவர்கள் பல்லாயிரம். தகரப் பெட்டியில் வைத்திருந்த கல்யாணச் சீட்டுக்கு அந்த வழியில் என்ன நேர்ந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நகரத்துக் கோயில்களின் நிலைமைக்கு ஒரு சாட்சி, இன்றைய போஜோக் ஆங் சான் சாலையில் நிற்கும் பரிசுத்த திரித்துவப் பேராலயம். சென்னையில் பல கட்டடங்களுக்கு வரைபடம் போட்ட சிஷோம் வடிவமைத்த கோயில் அது. ஜப்பானியர் காலத்தில் அங்கே மது தயாரித்தார்கள்.

அயர்லாந்துக்கும் இப்படியொரு நாள் உண்டு. 1922 ஜூன் 30-ல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது, பாதுகாப்புக்கென்று அங்கே கொண்டுவந்து சேர்த்திருந்த அயர்லாந்துத் திருச்சபையின் பழைய ஏடுகள் பெருமளவு சாம்பலாயின. பங்குகளிலேயே கிடந்த கத்தோலிக்க ஏடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அரசுப் பதிவேடுகளும் வேறிடத்தில் இருந்ததால் தப்பின. ரங்கூனுக்கு வாய்த்த தப்பித்தல் லண்டனில் இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவின் சபைப் பதிவுகளின் நகல்கள் அங்கே போய்ச் சேர்ந்தன. இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் அவை இருக்கின்றன. பர்மாவுக்குரியவை வங்காள வரிசைக்குள் அடங்கும். 1877-ல் ரங்கூனுக்குத் தனி ஆயர் வரும்வரை பர்மா கல்கத்தா ஆயரின் கீழ் இருந்தது. ஆனால் எல்லாத் தமிழ்க் கிறிஸ்தவர் கல்யாணமும் லண்டனுக்குப் போயிருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அந்த ஏற்பாடு முதன்மையாக ஐரோப்பியருக்காக உண்டானது. அங்கே பெயர் இல்லை என்பது கல்யாணம் நடக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

இதெல்லாம் ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்தால், அன்றைய ரங்கூனான யாங்கூனில் குடியுரிமை அட்டைக்காக அலைகிற தமிழரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். மியன்மாரின் 1982 குடியுரிமைச் சட்டப்படி, 1948 ஜனவரி 4-க்கு முன்பே நாட்டுக்குள் வந்து குடியிருந்தவர்களும் அவர்களுக்கு அங்கே பிறந்தவர்களும் இயல்பாக்கப்பட்ட குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் ஐயத்துக்கிடமில்லாத ஆதாரம் காட்ட வேண்டும். 1923-ல் ரங்கூனில் தாத்தா பாட்டிக்கு நடந்த கல்யாணம் அப்படியொரு ஆதாரம். பிப்ரவரியா மார்ச்சா என்பது அந்தக் கேள்விக்குத் துளியும் சம்பந்தமில்லை. இரண்டுமே 1948-க்குக் கால் நூற்றாண்டு முந்தியவை. ஆனாலும் மேசைக்கு அப்பால் இருப்பவர் இரண்டு காகிதத்தில் இரண்டு தேதியைப் பார்த்தால் ஒன்று போலி என்று எண்ணுவார். அயர்லாந்தும் பேரப்பிள்ளைகளுக்குக் குடியுரிமை தரும்போது அரசுப் பதிவுச் சான்றைத்தான் கேட்கிறது. காகிதத்தை ஒத்துப்போக வைப்பது வம்சாவளி ஆய்வாளருக்கு அறிவுத் தேவை, மனுதாரருக்குப் பிழைப்புத் தேவை. இங்கேதான் ஒரு தேதியை ‘திருத்திவிடும்’ ஆசை வருகிறது. அதைவிடப் பெரிய கேட்டை ஒரு குடும்பம் தனக்குத் தானே செய்துகொள்ள முடியாது. திருத்திய காகிதம் உண்மையான மற்ற எல்லாக் காகிதத்தையும் சேர்த்துச் சந்தேகத்துக்கு ஆளாக்கும்.

திருத்தத் தேவையும் இல்லை. 1872 சட்டத்தின் 77-வது பிரிவு, முறையாக நடந்த ஒரு திருமணம் பதிவில் நேர்ந்த குறைபாட்டுக்காக மட்டும் செல்லாமல் போகாது என்று தெளிவாகச் சொல்கிறது. எழுத்தர் தவறுவார் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அறிந்தே இருந்தார்கள்.

ஆகவே என் முறை இது: கோயில் மூல ஏட்டில் மணமக்களும் சாட்சிகளும் கையெழுத்தோ கீறலோ இட்ட பதிவு கிடைத்தால் அதையே கல்யாணத் தேதியாகக் கொள்வேன். நகல் தேதியை அடித்துவிடாமல், எந்த நகல், எந்தக் காலாண்டு என்ற விவரத்தோடு அதன் கீழே எழுதுவேன். பாட்டி சொன்ன மாதத்தை மூன்றாவது வரியில் எழுதுவேன். மூல ஏடு அழிந்திருந்தால் நகலை ஏற்பேன், நகல் என்று குறிப்பிட்டே ஏற்பேன். போருக்குப் பிறகு ஞாபகத்திலிருந்து எழுதி வாங்கிய சான்றிதழ்களுக்கு வருஷத்தை மட்டும் நம்புவேன். நாளையும் மாதத்தையும் நம்பமாட்டேன்.

யாங்கூனிலோ தமிழ்நாட்டிலோ பங்குக் கோயிலில் ஏடு பார்க்கப் போகிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். தட்டச்சு செய்து முத்திரை குத்திய சான்றிதழோடு திரும்பிவிடாதீர்கள்; அது இன்னொரு நகல், அவ்வளவுதான். சாமியாரின் அனுமதி பெற்று, உங்கள் பெயர் இருக்கும் வரியை மட்டுமல்ல, முழுப் பக்கத்தையும், அதற்கு முந்தின பக்கத்தையும், ஓரங்கள் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.